டென்ட் அப்புறம், அனுமதிச்சீட்டு முதலில்: காட்டுப் பயணம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் கோவையிலிருந்து காரில் கிளம்பி முதுமலை, பந்திப்பூர், வயநாடு என்று நான்கு நாள் சுற்றலாம் என்று இருக்கிறோம். ரூம் போடாமல், போகிற வழியில் காட்டோரமாக டென்ட் போட்டுத் தங்க ஆசை. ஆன்லைனில் 'நாலு பேர் வாட்டர்ப்ரூஃப் டென்ட்' 2,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். டென்ட் வாங்கினால் அதை விரிக்க இடம் வேண்டுமே. வெளிநாட்டு வீடியோக்களில் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இடம் பதிவு செய்து, காரைப் பக்கத்தில் நிறுத்தி, டென்ட் அடித்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள். நம் காடுகளில் அந்த வழக்கம் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போகவே அனுமதி வேண்டும், தீ மூட்டுவது குற்றம். நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகலாம். வண்டியை ஓரங்கட்டி இறங்கினாலே அபராதம் போடுவார்கள்.

அதனால் 'கேம்பிங்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் தனியார் எஸ்டேட்டிலோ ரிசார்ட் புல்வெளியிலோ போட்டிருக்கும் டென்ட்தான். அதிலும் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'டென்ட்டில் ஆட்களைத் தங்கவைக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? அதன் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்களா?' 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. டென்ட் போட அந்த இடத்துக்கு உரிமமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. நகல் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

வழியையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்குப் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள், அதனால் சீசனில் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி குறுக்கு வழிதான், ஆனால் வெளியூர் வண்டிகளை அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க விடுவதில்லை. கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றித்தான் போகவேண்டும். பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும். குண்டல்பேட்டிலிருந்து சுல்தான் பத்தேரி போகிற சாலைக்கும் இதே கதைதான். எட்டரை மணிக்குச் செக்போஸ்ட்டுக்கு வந்து சேர்கிற மாதிரி திட்டம் போட்டால், ஒரு டயர் பஞ்சரானாலும் இரவு முழுக்கக் காரில்தான் படுக்கை.

நடக்கவேண்டும் என்றால் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்யுங்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசு தொடங்கியது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாகக் கூடவே வருவார்கள். கூடலூர்ப் பக்கம் நீடில் ராக், கோத்தகிரியில் லாங்வுட் சோலை இரண்டும் உங்கள் வழிக்கு ஒத்துவரும். காட்டுத்தீ காலத்தில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம்போல, பாதைகளை மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'அனுமதி எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்' என்கிற ஆட்களை நம்பி மலை ஏறாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டவர்கள் தீயில் இறந்தது அனுமதி வாங்காத பாதையில் போனபோதுதான்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் டென்ட் வேண்டும், தோட்டம் வைத்திருக்கும் நண்பர் இடத்தில் போடப் போகிறோம் என்றால், அந்த 2,500 ரூபாய் டென்ட் வேண்டாம். 'நாலு பேர்' என்பது தோளோடு தோள் இடித்துப் படுக்கிற கணக்கு. பையோடு படுக்க ஆளுக்கு ஒன்றரை இடம் வேண்டும். மேல்துணி ஒன்றும் உள்துணி ஒன்றுமாக இரட்டை அடுக்கு இருக்கிறதா பாருங்கள். ஒற்றை அடுக்கில் மழையே பெய்யாவிட்டாலும் மூச்சுக்காற்று குளிர்ந்து விடியற்காலையில் தலையில் சொட்டும். மேல்துணியைத் திருப்பித் தையலைப் பாருங்கள்: தையல் மேல் கண்ணாடி மாதிரி ஒரு டேப் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் ஊசித் துளை வெறுமனே தெரிந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். நீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். மேல்துணிக்கு 2,000, தரைத்துணிக்கு 3,000 இருந்தால் நம் மழைக்குப் போதும். எண்ணே போடாமல் 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். வந்ததும் மொட்டை மாடியில் விரித்து, பத்து நிமிடம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒழுகினால் அதை வீடியோ எடுத்துத் திருப்பி அனுப்பலாம். சொன்ன தரத்தில் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020 இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன, 'நோ ரிட்டர்ன்' என்று பக்கத்தில் போட்டிருந்தாலும்.

கேள்வி: இதே மாதிரி பயணத்துக்கு வாடகைக் காரை நாங்களே ஓட்டிப்போகப் பார்க்கிறோம். தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரை நாளுக்கு 1,800 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கம்பெனி வண்டியை விட மலிவு. (வாசகி, ஈரோடு)

பதில்: நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுகிற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கவேண்டும். வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதன் இன்ஷூரன்ஸ் வாடகைக்கு விட்டதைச் சேர்த்துக்கொள்ளாது. மலைப்பாதையில் யார் மேலாவது இடித்துவிட்டால், மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய் எந்த மூலைக்கு?

கறுப்புப் பலகை வண்டியிலும் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். கர்நாடகம், கேரளம் போக பெர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு, விபத்தானால் நம் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு, வண்டி பழுதுபார்க்க ஷெட்டில் நிற்கிற நாட்களுக்கும் வாடகை கேட்பார்களா. கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் 'பார்த்துக்கலாம் மேடம்' என்று பதில் வரும். பார்த்துக்கொள்ளக்கூடாது. வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும், அடிப் பம்பரும், டயரும், கிலோமீட்டர் மீட்டரும் சேர்த்து ஒரே வீடியோவாக எடுத்து, அங்கேயே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ட்ரெக்கிங் ஷூ கட்டாயமா? (வாசகர், சேலம்)

பதில்: ஒரு நாள் எளிய பாதைக்கு அடிப்பகுதி தேயாத பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். புதிதாக வாங்குவதானால் மாலையில் கடைக்குப் போங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்கப்போகிற சாக்ஸோடு போட்டு, இறக்கத்தில் நிற்கிற மாதிரி குனிந்து பாருங்கள். பெருவிரல் முன்னால் இடித்தால் அடுத்த அளவு. மழைக்காலமென்றால் அட்டை கடிக்காமல் தடுக்கும் சாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான்.

கேள்வி: மசினகுடியில் 'டென்ட், கேம்ப்ஃபயர், நைட் சஃபாரி' என்று விளம்பரம் பார்த்து 9,000 ரூபாய் கட்டினோம். போனால் ஒரு அறையைத்தான் கொடுத்தார்கள். மற்ற இரண்டுக்கும் 'ஃபாரஸ்ட்ல விடமாட்டாங்க' என்று கைவிரித்துவிட்டார்கள். பணம் திரும்பத் தரமாட்டார்களாம். (வாசகர், சென்னை)

பதில்: நைட் சஃபாரி நடக்காததில் உங்களுக்கு நஷ்டமில்லை. போயிருந்தால் வனத்துறை உங்கள் மேலும் வழக்குப் போட்டிருக்கும். ஆனால் தரமுடியாததை விளம்பரம் செய்து பணம் வாங்கியது முறையற்ற வணிகம். 'நோ ரீஃபண்ட்' என்று ரசீதில் அச்சடித்திருப்பது அதற்குக் கவசம் ஆகாது.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ஆதாரம், வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள், விளம்பரத்தை நாளையே அழித்துவிடுவார்கள். 15 நாள் கெடு கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல இடங்களில் இந்த அளவிலேயே பாதிப் பணமாவது வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீலகிரிக்கு அலையவேண்டாம், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. தங்கிய அறைக்கு உரிய வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். முழு 9,000-மும் வேண்டும் என்று நின்றால் இழுத்துக்கொண்டே போகும்.