கால்டிகாட் பதக்கம் கதைக்கா, படத்துக்கா?

படத்துக்குத்தான். முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வெளியான படப் புத்தகங்களில் மிகச் சிறந்த ஓவியங்களை வரைந்தவருக்கு, அந்நாட்டு நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு 1938 முதல் ஆண்டுதோறும் தருகிறது. எழுதியவர் வேறு ஆள் என்றால் அவருக்குப் பதக்கம் கிடையாது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை படத்தைத்தானே முதலில் படிக்கிறது!

பெயர் மட்டும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் ராண்டால்ஃப் கால்டிகாட்டுடையது. பதக்கத்தை உற்றுப் பாருங்கள்: அவர் வரைந்த ஜான் கில்பின் (ஒரு நகைச்சுவைக் கவிதையின் நாயகன்), தறிகெட்டு ஓடும் குதிரைமேல். கூடவே வாத்துகள், நாய்கள், திகைத்து நிற்கும் ஜனங்கள். ஒரு சொல்கூட வேண்டாம், வேகம் புரிந்துவிடும்.

அப்புறம், 1963இல் ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் ‘தி ஸ்னோயி டே’ என்ற படப் புத்தகத்துக்காக வென்றது எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. சிவப்பு உடுப்பில் ஒரு கறுப்பினச் சிறுவன், வெள்ளைப் பனியில் அவன் காலடித் தடங்கள்.