யாட்டில் ஏறினால் படிப்பு போய்விடுமா?

கேள்வி: கடல் உயிரியலில் இளநிலை முடித்துவிட்டேன். கப்பல் வேலைக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் எடுத்தாயிற்று. மத்தியதரைக் கடலில் ஓடும் ஒரு யாட்டில் (உல்லாசப் படகில்) டெக்ஹேண்ட், அதாவது தளப் பணியாள் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. வீட்டில், "முதல்ல எம்.எஸ்சி. முடி, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். போனால் ஆய்வு கைவிட்டுப் போய்விடுமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: போகாது தம்பி. ஆனால் என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்து போங்கள். வாடகைக்கு ஓடும் யாட்டில் விருந்தினர் இருக்கும் வாரங்களில், விடியும் முன்பே தளத்து உப்பைக் கழுவித் துடைப்பதில் தொடங்கி, கரைக்குப் போன கடைசி ஆளைச் சிறு படகில் கூட்டிவரும்வரை வேலை ஓயாது. ஆய்வுக்கென்று யாரும் நேரம் ஒதுக்கித் தரமாட்டார்கள், நீங்களாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படி எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சார்லஸ் மூர் என்ற அமெரிக்கர் மரச்சாமான்களைச் செப்பனிடும் தொழில் செய்தவர், நல்ல பாய்மரப் படகோட்டி. 1997இல் ஹவாய் வரை ஒரு படகுப் பந்தயம் ஓடிவிட்டு கலிபோர்னியா திரும்பும்போது, காற்று இல்லை என்று மற்றவர்கள் ஒதுங்கிப் போகும் வட பசிபிக் சுழல் (நீரோட்டங்கள் வட்டமாகச் சுற்றும் கடற்பகுதி) வழியாக வந்தார். நாள் தவறாமல், தளத்தில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் பிளாஸ்டிக் துணுக்குகள் மிதந்தன. பார்த்தோம், வருத்தப்பட்டோம் என்று விடாமல் 1999இல் வலையோடு திரும்பிப் போய் அள்ளினார். வலையில் சிக்கிய பிளாஸ்டிக், மிதவை உயிரிகளைவிட (நீரோட்டத்தோடு மிதக்கும் சிற்றுயிர்களைவிட) எடையில் 6 மடங்கு இருந்தது, 2001இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. ஆய்வுக் கப்பல்கள் அடிக்கடி போகாத இடத்துக்கு ஒரு யாட் போனதால்தான் இது நமக்குத் தெரியும்.

உங்களால் முதல் மாதமே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். 30 செ.மீ. அகல வெள்ளைத் தட்டு, நடுவில் கயிறு, அடியில் ஒரு எடை, அவ்வளவுதான். செக்கி தட்டு என்று பெயர், வகுப்பில் படித்திருப்பீர்கள். நண்பகலை ஒட்டி, படகு நிற்கும்போது மெதுவாக இறக்குங்கள். வெள்ளை, பச்சை கலந்து மங்கி, ஒரு கட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். அந்த ஆழத்தை நேரத்தோடும் இடத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கல் இல்லாத நடுக்கடலில் தட்டை மறைப்பது பெரும்பாலும் தாவர மிதவை உயிரிகள், உலகின் ஒளிச்சேர்க்கையில் சுமார் பாதியைச் செய்பவை அவைதான். படகோட்டிகள் இந்த அளவுகளைக் கைபேசிச் செயலி வழியே அனுப்ப 2013 முதல் ஒரு திட்டமே நடக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்த சங்கதி, பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865இல் இந்தத் தட்டை இறக்கிப் பார்த்தது போப்பாண்டவரின் யாட்டிலிருந்து! ஆக, யாட்டுக்கும் கடல் அறிவியலுக்கும் உறவு நேற்று வந்ததல்ல.

எம்.எஸ்சி.யை விடவும் வேண்டாம். மத்தியதரைக் கடலில் சீசன் கோடையோடு முடியும். ஒரு சீசன் போய்விட்டு வந்து சேரலாமா என்று கல்லூரியில் இப்போதே கேளுங்கள். கடலில் இருந்த நாட்களுக்குக் கேப்டனிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பின்னால் கப்பல் அதிகாரி சான்றிதழுக்கு அதுதான் கணக்கு.

கேள்வி: சொகுசு யாட்டே டீசலைக் குடிக்கிறது. அதில் வேலை பார்த்துக்கொண்டு கடலைக் காப்பேன் என்பது சரியா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நியாயமான கேள்வி. அந்த டீசலை எந்த ஆய்வும் ஈடுகட்டாது, அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் அந்தப் படகின் அணியத்தில் (முன்முனையில்) நிற்பவர் யார் என்பதைப் பொறுத்துக் கடலடியில் நடப்பது மாறும். பொசிடோனியா ஓசியானிகா என்ற கடற்புல் மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்கிறது. பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் பரவினாலே பெரிது. நங்கூரம் குத்தும் இடம் சின்னதுதான், அதைவிடக் கேடு சங்கிலி. காற்று திரும்பும்போது படகும் சுற்றும், அதோடு சங்கிலி தரையை அரைவட்டமாக அரைத்துக்கொண்டு போகும். ஒரு மதியச் சாப்பாட்டுக்கு நின்ற படகு பல பத்தாண்டு வளர்ச்சியைப் பிடுங்கிவிடும்! பிரான்சின் மத்தியதரைக் கரையில் 24 மீட்டருக்கு மேற்பட்ட படகுகள் இந்தப் புல்மேல் நங்கூரம் போடத் தடை இருக்கிறது. சின்னப் படகுகளுக்குப் பல இடங்களில் அவரவர் மனசாட்சிதான். தண்ணீருக்குள் கருமையாகத் தெரிவது புல், வெளிறித் தெரிவது மணல். "கேப்டன், இன்னும் கொஞ்சம் தள்ளி, அங்கே மணல் இருக்கிறது" என்று சொல்ல ஒருவர் அந்த நேரத்தில் முன்னால் நிற்க வேண்டும். கடல் உயிரியல் படித்தவர் நின்றால் நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: படகு வேலை, ஆய்வு இரண்டும் ஒரே வேலையாகக் கிடைக்கும் படகு உண்டா?
- ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: உண்டு, குறைவு. பிரான்சின் 'தாரா' 36 மீட்டர் பாய்க்கப்பல். 2009 முதல் 2013 வரை உலகக் கடல்களில் சுமார் 35,000 மாதிரிகள் எடுத்தது. மாலுமிகளும் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே தளத்தில் வேலை செய்யும் கப்பல். அங்கே தேவைப்படுவது வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் பொறி) இயக்கவும் தெரிந்த, மாதிரிக் குப்பியில் ஒழுங்காகப் பெயர் எழுதவும் தெரிந்த கை.