கேள்வி பதில்: குழாய்ச் சண்டை

கேள்வி: கனடா எண்ணெயை அமெரிக்காவுக்குக் கொண்டுவர இருந்த கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய்க்கு ஏன் அவ்வளவு சண்டை? – வாசகர், கரூர்

பதில்: முதலில் அந்த எண்ணெயைப் பாருங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மணலோடு ஒட்டிக் கிடக்கும் சரக்கு அது. நம் ஊரில் ரோடு போடும்போது தாரைக் காய்ச்சி ஊற்றுவார்களே, ஏறக்குறைய அந்தப் பதம். தானாக ஓடாது, இளக்கும் திரவம் கலந்துதான் குழாயில் விட முடியும். அப்படி நாளுக்கு 8,30,000 பீப்பாய், சுமார் 1,900 கிலோமீட்டர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் வரை.

அங்கே நிலத்தடியில் ஒகலாலா நீர்ப்படுகை. அதை நம்பி வாழும் விவசாயி, 'உடைந்தால் என் கிணறு என்னாகும்?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2022இல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய கீஸ்டோன் குழாய் பக்கத்து மாநிலமான கான்சஸில் உடைந்து, ஓடையில் எண்ணெய் கலந்ததே!

வேலை கிடைக்கும் என்றார்கள். கிடைத்திருக்கும், கட்டி முடிக்கும்வரை. அப்புறம் நிரந்தர வேலை சுமார் 35 பேருக்கு என்றது அமெரிக்க வெளியுறவுத் துறையின் அறிக்கையே.

ஒபாமா 2015இல் மறுத்தார், டிரம்ப் 2017இல் அனுமதித்தார், பைடன் 2021இல் பதவியேற்ற அன்றே ரத்து செய்தார். சரி, எண்ணெய் நின்றதா? இல்லை, வேறு குழாய்களிலும் ரயிலிலும் போகிறது. 2013இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எண்ணெய் ரயில் வெடித்து 47 பேர் இறந்ததை எதிர்ப்பாளர்கள் அதிகம் பேசுவதில்லை.