வாசகர் கேள்வி – பதில்: மின்சாரத்தோடு வரும் சுடுநீர்

கேள்வி: டென்மார்க் ஹேர்னிங்கில் என் தம்பி வீட்டில் பொயிலர் இல்லை, வீட்டைச் சூடாக்க மின்நிலையத்திலிருந்து குழாயில் சுடுநீர் வருகிறதாம். மின்சாரமும் வெப்பமும் தயாரிப்பதில் ஐரோப்பாவிலேயே தாங்கள்தான் சுத்தம் என்கிறார். சரியா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: அரைவாசி சரி. எரிபொருளை வீணாக்காமல் எரிப்பது ஒரு கணக்கு, எதை எரிக்கிறோம் என்பது இன்னொரு கணக்கு.

முதற்கணக்கில் டென்மார்க் கெட்டிதான். சாதாரண நிலக்கரி நிலையத்தில் 100 பங்கு எரித்தால் ஏறக்குறைய 40 பங்கே மின்சாரம். மீதி கடல்நீரோடும் புகையோடும் போய்விடும். அந்த வெப்பத்தை ஊருக்கு அனுப்பினால் மின்சாரம் 30 ஆகக் குறையலாம், ஆனால் 55 பங்கு வெப்பம் கைக்கு வரும். இதே அளவைத் தனித்தனியே எடுக்க மின்சாரத்துக்கு 75 பங்கும், 90 வீத வினைத்திறனுள்ள பொயிலருக்கு 61 பங்கும் வேண்டும். 136க்குப் பதில் 100! 1979இல் வெப்ப வழங்கற் சட்டம் கொண்டுவந்த டென்மார்க்கில் இன்று ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளுக்குச் சுடுநீர் இப்படிக் குழாயில்தான் வருகிறது.

இரண்டாவது கணக்கு வேறு. வார்சோவிலும் பெரிய சுடுநீர் வலையமைப்பு உண்டு; ஆனால் போலந்து இன்னும் பெருமளவு நிலக்கரியில் தங்கியிருப்பதால் காபனீரொட்சைட்டு அதிகம்தான். நீர்மின் நோர்வேயும் அணுமின் பிரான்சும் மின்சாரத்தில் டென்மார்க்கை முந்திவிடும். டென்மார்க் எரிக்கும் மரத்துக்கும் ஐரோப்பியக் கணக்கில் காபன் பூச்சியம். மரம் வெட்டிய காடு மீள எத்தனை ஆண்டு என்று கேட்காத கணக்கு அது.

தம்பி பார்க்கவேண்டியது திரும்பிப்போகும் நீரின் வெப்பநிலை. 70 பாகையில் வந்து 40இல் திரும்பினால் ஒரு கனமீற்றர் நீர் ஏறக்குறைய 35 கிலோவாற்மணி தரும். 55இல் திரும்பினால் பாதிதான். பம்பு தள்ளவேண்டிய நீர் இரட்டிக்கும், நிலையத்தில் திரும்பிவரும் நீரால் புகையைக் குளிர்வித்து, அதன் நீராவியை நீராக்கி வெப்பம் எடுப்பதும் கெடும். அதனால் சூடாகத் திருப்புவோரிடம் அங்கே பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. அறைகளைச் சூடாக்கும் ரேடியேற்றர்களில் ஒன்றைமட்டும் முழுதாகத் திறந்து மற்றவற்றைப் பூட்டிவைப்பதே வழக்கமான பிழை; எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சுன்னாகத்தில் இப்படிச் செய்யலாமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: சுன்னாகத்தின் 24 மெகாவாற் உத்துரு ஜனனி மின்நிலையத்தில் எண்ணெய் இயந்திரப் புகையில் வெப்பம் தாராளம். நமக்குத் தேவை குளிர்தான். வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டும் அமோனியா உறிஞ்சல் முறையில் அந்த வெப்பத்தால் மீனுக்கு ஐஸ் செய்யலாம். ஆனால் ஐஸ் ஆலை நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கவேண்டும். இயந்திரம் மாலை உச்சநேரத்தில் மட்டும் ஓடினால் மற்ற நேரத்துக்குத் தனிப் பொயிலர் வைக்கவேண்டிவரும். இலாபம் அதிலேயே கரைந்துவிடும்.