மூணு சிகரெட்டுக்கு ஹார்ட் தள்ளுபடி தராது

கேள்வி: எனக்கு வயசு 44. தினமும் 20 சிகரெட் ஊதிட்டிருந்தவன் இப்போ மூணுக்கு வந்துட்டேன். காலைல டீயோட ஒண்ணு, மத்தியானம் சாப்பிட்டதும் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இசிஜி நார்மல். எங்க பெரியப்பா 82 வயசு வரைக்கும் பீடி குடிச்சவர். ஹார்ட்டுக்கு இது போதும்தானே? வீட்டுக்காரிதான் நம்ப மாட்டேங்கிறா. (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: வீட்டுக்காரம்மா சொல்றதுதான் சரி. இருபதுலேர்ந்து மூணுக்கு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல, அதுக்கு ஒரு ஷொட்டு. ஆனா 17 சிகரெட் குறைஞ்சுதுன்னா ஆபத்தும் நூத்துக்கு 85 குறைஞ்சிருக்கும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. நுரையீரல் கேன்சருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், ஹார்ட்டுக்கு பொருந்தாது. 141 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து அலசி 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை போட்டாங்க. தினமும் ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிற ஆம்பளைக்கு இதய நோய் வர்ற கூடுதல் ஆபத்து, 20 பிடிக்கிறவனுக்கு இருக்கிறதுல கிட்டத்தட்ட பாதி! ஒண்ணுக்கே பாதின்னா உங்க மூணுக்கு எவ்வளவுன்னு நீங்களே பாத்துக்குங்க.

ஏன் இப்படின்னா, ரத்தக்குழாயோட உள்சுவர் கெட்டுப்போறதுக்கும், தட்டணுக்கள் பிசுபிசுன்னு ஒட்டி ரத்தம் கட்டுறதுக்கும் கொஞ்சூண்டு புகையே போதும். போதாக்குறைக்கு புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடு வேற, ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும், அந்தப் பக்கம் நிகோட்டின் ஹார்ட்டை வேகமா ஓடுடான்னு விரட்டும், இந்தப் பக்கம் ஓடுறதுக்கு வேண்டிய ஆக்சிஜன் வராது.

இசிஜியா? நீங்க படுத்திருந்த அந்த சில நொடிக்கு அது சர்டிஃபிகேட், அவ்வளவுதான். குழாய்க்குள்ள கொழுப்பு எவ்வளவு படிஞ்சிருக்குன்னு அதுல தெரியாது. பெரியப்பா விஷயம்... அவரோட திண்ணைல உக்காந்து பீடி குடிச்ச கூட்டாளிங்கள்ல எத்தனை பேர் 82 பாத்தாங்கன்னு ஊர்ல விசாரிச்சுட்டு எழுதுங்க, போடுறேன்.

நானும் 11 வருஷம் ஊதினவன்தான், அதனால உங்க மூணுல எது கடைசி வரைக்கும் மல்லுக்கட்டும்னு தெரியும், அந்தக் காலை டீ தம்முதான். மூணை ரெண்டாக்கி ரெண்டை ஒண்ணாக்கின்னு இழுக்காதீங்க, மிச்சம் இருக்கிற ஒண்ணுக்கு ருசி ஏறிக்கிட்டே போகும். ஒரு தேதி குறிச்சு மூணையும் ஒரேடியா நிறுத்துங்க. முதல் மூணு நாள் எரிச்சல் மண்டைக்கேறும், வீட்ல முன்கூட்டியே சொல்லி வைங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிகோட்டின் கம் போடலாம், ஆனா பபிள்கம் மாதிரி மென்னு தள்ளினா விக்கல்தான் வரும், சுருக்குன்னு வந்ததும் கன்னத்துல ஒதுக்கிடணும். டீ குடிச்ச வாயோட உடனே போட்டா சரியா வேலை செய்யாது, கால் மணி நேரம் விடுங்க. நான் இது தெரியாம ஒரு வாரம் கம்மை திட்டிட்டிருந்தேன்.

விட்டா பலன் சீக்கிரமே வருது, கார்பன் மோனாக்சைடு ஒரு நாள்ல இறங்கிடும், ஒரு வருஷத்துல ஹார்ட்டுக்கான அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாயிடும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

இன்னொண்ணு. மூணுதானேன்னு பெட்டிக்கடைல சில்லறையா வாங்குவீங்க, கயித்து நெருப்புல பத்த வெச்சுட்டு நகர்ந்துடுவீங்க, பாக்கெட்டே கண்ல படாது. அதுல அந்த கோரமான படத்துக்குக் கீழ 1800-11-2356ன்னு ஒரு நம்பர் இருக்கு, பழக்கத்தை விட உதவுற இலவச லைன், தமிழ்லயும் பேசலாம். நாளைக்கு டீ சொல்லிட்டு கடைக்காரர்கிட்ட பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்க, நம்பரை செல்லுல ஏத்திக்கிட்டு பாக்கெட்டை அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.