நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்த்தால் ஏன் எப்போதும் ஏமாற்றமே மிஞ்சுகிறது?

நீங்கள் நாவலை முதலில் படித்து, மனசுக்குள் ஒரு படத்தை முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தியேட்டருக்குப் போகிற ஆள் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

2023-இல் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்துக்கு அத்தையோடும் சித்தப்பாவோடும் போயிருந்தேன். அத்தை அந்த நாவலைப் படித்ததே, தொடராக வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய தொகுப்பில், மணியம் ஓவியங்களோடு. இடைவேளை விட்டதும் விரல் மடக்க ஆரம்பித்தார். "மணிமேகலை எங்கடா? சேந்தன் அமுதனை ஏன்டா இப்படி ஓரமா நிக்க வெச்சிருக்கான்?" படம் முடிவதற்குள் இரண்டு கை விரல்களும் போதவில்லை. எனக்குப் படம் பிடித்திருந்தது என்று சொன்னதுதான் தாமதம், சித்தப்பா திரும்பி, "நீ நாவலை முழுசாப் படிச்சியா, இல்ல சுருக்கம் படிச்சியா?" என்றார். ஐந்து பாகமும் படித்திருக்கிறேன். ஒரு தடவைக்கு மேலேயே.

(நாவலை இன்னும் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

அன்றைக்கு காரில் நான் சொன்னது இதுதான். நாவலில் சோழ அரசி செம்பியன் மாதேவியின் நிஜமான பிள்ளை சேந்தன் அமுதன். மதுராந்தகன் குழந்தையிலேயே மாற்றி வைக்கப்பட்டவன். 1950-இலிருந்து 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்த வாசகனுக்கு அந்த முடிச்சு விருந்து. இரண்டு பாகமும் சேர்த்து ஐந்தரை மணி நேரம் ஓடுகிற படத்தில், பட்டாபிஷேகம் நெருங்கும்போது "இவன் அவனில்லை, அவன்தான் இவன்" என்று ஆரம்பித்தால் பக்கத்து சீட்டுக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். படத்தில் மதுராந்தகனே அரியணை ஏறுகிறான். என்னைக் கேட்டால் சரியான வெட்டு. ஆனால் மணிமேகலை விஷயத்தில் அத்தை பக்கம்தான் நியாயம். நாவலே அவள் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுவதில்தான் முடிகிறது. அவளை எடுத்துவிட்டால், ஊர் ஊராகக் குதிரை விட்டுக்கொண்டு சிரித்துப் பேசித் திரிந்தவனுக்குக் கடைசியில் விழுகிற அடி இல்லாமல் போகிறது. அந்தக் குறை எனக்கும் உண்டு.

உடனே "மணிரத்னம் ரசிகன் வந்துட்டான்" என்று கீழே எழுத ஒருவர் வருவார். வரட்டும். நான் சொல்வது எல்லாப் படத்துக்கும்தான். கதையில் எதை மாற்றினார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மாற்றியதால் என்ன கிடைத்தது, என்ன போனது என்றும் பார்க்க வேண்டும்.

'முள்ளும் மலரும்' எடுத்துக்கொள்ளுங்கள். உமாசந்திரன் நாவலில் காளியின் கையைப் புலி பறிக்கிறது; மகேந்திரன் 1978-இல் எடுத்த படத்தில் லாரி. புலியை விட்டதற்காக யாராவது இன்றைக்கு அழுகிறார்களா? அடுத்த வருஷமே வந்த 'உதிரிப்பூக்கள்' இதைவிடத் துணிச்சல். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் கதை தொடங்கும்போதே மூத்த தாரம் உயிரோடு இல்லை. படத்தில் அந்த லட்சுமி நம் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து போகிறாள். குழந்தைகள் மேல் நமக்கு வருகிற பதைப்பு அத்தனையும் அவளை அத்தனை நேரம் பார்த்ததால் வருவது. ஆற்றங்கரை முடிவும் கதையில் கிடையாது. இதைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பூமணியின் 'வெக்கை'யை அவசியம் படியுங்கள். பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம், அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானின் கையைத்தான் வெட்ட நினைக்கிறான். வெட்டு தவறி ஆளே போய்விடுகிறது. அப்புறம் அப்பாவும் மகனும் காடு, மலை என்று ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் நாவல். சோறு பொங்குவதும், எங்கே படுப்பது என்று பார்ப்பதும், பழைய கதை பேசுவதுமாகப் போகும். 2019-இல் வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' அப்பாவுக்கு ஒரு இளமைக்காலத்தையே புதிதாக உண்டாக்கியது. தியேட்டரில் விசில் பறந்தது அந்தப் பகுதிக்குத்தான், நானும் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்தேன். ஆனால் நாவலில் கதை பையனுடையது. கொலை செய்த கை அவனுடையது, பயமும் அவனுடையது. படத்தில் அது அப்பாவின் கதையாகிவிட்டது. நல்ல படம், ஆனால் வேறு கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சுகமே தனி.

என் கோபமெல்லாம் வேறு ஆட்கள் மேல். படம் வந்ததும் "அந்த புக்கைக் கொஞ்சம் கொடு, படிச்சிட்டுத் தரேன்" என்று வாங்கிப் போகிறவர்கள். அத்தை எனக்குக் கொடுத்த அந்த பைண்டு தொகுப்பின் மூன்றாம் பாகம் ஒரு நெருங்கிய சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது. கேட்டால், "ஓடிடியிலதான் படம் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு அது?" என்கிறார். படிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. மணியம் படங்களோடு அந்தப் பக்கங்களுக்கு இனி எங்கே போவேன்? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், தெரியும்.

சரி, உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை வரிசையை மாற்றிப் பாருங்கள். 'உதிரிப்பூக்கள்' முதலில், 'சிற்றன்னை' அப்புறம். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆனது, இணையத்தில் காசில்லாமலே கிடைக்கும், ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம். அப்போதும் ஏமாற்றமாக இருந்தால் இங்கேயே வந்து சொல்லுங்கள், சண்டை போடலாம்.