சாவி இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது?

கேள்வி: 18 வருடம் எங்கள் சபையின் பொருளாளராக இருந்தேன். போன தேர்தலில் என் சொந்தத் தம்பியே எதிர்த்து நின்று ஜெயித்துவிட்டான். அதிலிருந்து சபை இரண்டாகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு மூலையில் கூடிப் பேசுகிறார்கள். நான் யாரிடமும் வாதாடவில்லை. வேதாகமத்தில் தாழ்மையைப் பற்றிச் சொல்லும் பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தைத் தினமும் தியானித்து, குறிப்பெழுதி, சபையாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இப்போது கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறேன். கணக்கு நோட்டும் பீரோ சாவியும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, வந்து கேட்டால் கொடுத்துவிடப் போகிறேன். இவ்வளவு தாழ்ந்துபோயும் ஒருவருக்கும் மனம் இளகவில்லை. சபையில் ஐக்கியம் வர நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்? வேறு சபைக்குப் போய்விடலாமா?

பதில்: ஐயா, தியானம், கடைசி பெஞ்சு எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். "வந்து கேட்டால் கொடுத்துவிடப் போகிறேன்." யார் வந்து கேட்க வேண்டும்? எதற்காகக் கேட்க வேண்டும்? தேர்தல் முடிந்த அன்றைக்கே அந்த நோட்டின் மேலும் சாவியின் மேலும் உங்களுக்கு இருந்த உரிமை முடிந்துவிட்டது. தம்பி உங்கள் வாசலில் வந்து நின்று கை நீட்ட வேண்டும், அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள். அவரை ஒருமுறை கேட்கவைத்துவிட்டால் போன பதவியில் பாதி திரும்பி வந்த மாதிரி இருக்கும், இல்லையா?

பதவியை விட்டவர்கள் எழுதும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒருவர் வீட்டில் பதிவேடு இருக்கும், இன்னொருவர் வீட்டில் ரசீதுப் புத்தகம், மற்றொருவர் வீட்டில் சபையின் மைக். எல்லோரும் கேட்டால் கொடுக்கிறவர்கள்தான்.

நீங்கள் தியானிக்கிற அதிகாரத்துக்கே போவோம். "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்று 7-ஆம் வசனம் சொல்கிறது. யாராவது போய்க் கேட்டா இயேசு அப்படிச் செய்தார்? 4-ஆம் வசனம் பிறருக்கானவைகளையும் நோக்கச் சொல்கிறது. கணக்கு நோட்டு இல்லாமல் உங்கள் தம்பி காணிக்கை வரவை எதில் எழுதுவார்? கமிட்டியில் பழைய பாக்கி பற்றி யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வார்? அவர் திணறுவது கடைசி பெஞ்சிலிருந்தும் நன்றாகத் தெரிந்திருக்குமே.

நம்மில் பலர் அந்த அதிகாரத்தை 11-ஆம் வசனத்தோடு மூடிவிடுகிறோம். கீழே படித்துக்கொண்டே போனால் எப்பாப்பிரோதீத்து வருகிறார். காவலில் இருந்தபடி இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுலுக்குப் பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பியதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். எல்லாம் வந்து சேர்ந்தது என்று 4-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். அந்த ஊழியத்தில் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்தார். அப்போதும் அவருடைய கவலை தன் வியாதியைப் பற்றி இல்லை. தான் வியாதிப்பட்ட செய்தி சபையாருக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் வியாகுலப்பட்டாராம். சபை ஒப்படைத்த பொருளை உயிரைக்கூடப் பார்க்காமல் சேரவேண்டிய இடத்தில் சேர்த்தவர் அவர். உங்கள் தம்பி வீடு எவ்வளவு தூரம் ஐயா?

தம்பி நின்றது உங்களுக்கு வலித்திருக்கும். முன்பே உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது அவர் தப்பு. ஆனால் தேர்தலில் நிற்பது துரோகமாகாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒரே ஆளிடம் 18 வருடம் பணப்பெட்டி இருப்பது எந்தச் சபைக்கும் நல்லதில்லை. எருசலேமுக்கான தர்மப்பண விஷயத்தில் பவுல் தம் உடன் ஊழியர் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார். ஒருவரும் நம்மைக் குறைசொல்ல இடம் இருக்கக்கூடாது என்று காரணத்தையும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே அந்தப் பயம் இருந்தது. நோட்டு இன்னும் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும், அதில் என்னவோ இருக்கிறது என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். இத்தனை வருட நல்ல பெயரும் அதோடு போய்விடும்.

என்னைக் கேட்டால், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிட்டால் முதலில் படியேற வேண்டியவர் அண்ணன்தான். தப்பு யார் பேரில் என்பதெல்லாம் அப்புறம். மூத்தவராகப் பிறந்தவருக்கு அது கடமை. பழைய காலத்து நினைப்பு என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சபை இரண்டாகிவிட்டது என்கிறீர்கள். முதலில் இரண்டானது உங்கள் குடும்பம். அதைப் பார்த்துத்தான் சபையார் ஆளுக்கொரு பக்கமாக நின்றுகொண்டார்கள்.

பிலிப்பி சபையிலும் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் ஒத்துப்போகவில்லை. யார் பக்கம் நியாயம் என்று பவுல் ஒரு வரிகூட எழுதவில்லை. இருவருக்கும் ஒரே புத்தி சொன்னார், இருவருக்கும் உதவச் சொல்லி மூன்றாவது ஆள் ஒருவரையும் கேட்டுக்கொண்டார். உங்களுக்கு அந்த மூன்றாவது ஆள் உங்கள் போதகர்.

வேறு சபைக்குப் போவதா? கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டா?

அந்தத் தியானக் குறிப்புகளை முதலில் நிறுத்துங்கள். தம்பியை மனதில் வைத்து எழுதியவை என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். போதகரிடம் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே தம்பி வீட்டுக்குப் போங்கள். நோட்டு, ரசீதுப் புத்தகங்கள், வங்கிப் பாஸ்புக், கையிருப்பு, சாவி என்று ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது வசனம் எதுவும் சொல்லாதீர்கள். வங்கியில் கையெழுத்து மாற்றுகிற வேலையும் பாக்கி இருக்கும். தம்பிக்கு எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டு, அந்த நாளில் நீங்களும் கூடப் போங்கள்.